வானத்தின் குறியைப் படிக்கும் உரிமை யாருக்கு? சின், ஹான் பேரரசுகள் குறித்த விவாத இழை

மூங்கிலேடு:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாகச் சீனத்தின் முதல் பேரரசுக் காலத்தைப் படித்து வருகிறேன். கி.மு. 221இல் சின் ஷி ஹுவாங் ஆறு நாடுகளையும் வென்று 'ஹுவாங்தி' என்ற புதுப் பட்டம் சூடியது தொடங்கி, கி.பி. முதல் நூற்றாண்டில் ஹான் வம்சம் மறுபடி தலையெடுத்தது வரை. அதில் ஒரு நிகழ்ச்சி மனத்தை விட்டு அகலவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கி.மு. 78. தாய் மலைக்குத் தெற்கே ஆயிரக்கணக்கானோர் கூடிக் கூச்சலிடுவதுபோல் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு பெரும்பாறை தானாக நிமிர்ந்து நின்றது. மூன்று கற்கள் அதற்குக் கால்களாக இருந்தன. அதே சமயம் தலைநகர் சாங்ஆனுக்குப் பக்கத்து அரசத் தோட்டத்தில், ஒடிந்து விழுந்து கிடந்த வில்லோ மரம் ஒன்று எழுந்து துளிர்த்தது. அதன் இலைகளைப் பூச்சி அரித்த தடம் எழுத்துகளாகத் தெரிந்தது. 'பிங்யீ அரியணை ஏறுவான்' என்பது அதன் பொருள்.

சூயி ஹோங் என்ற அறிஞர் இதைப் படித்துப் பொருள் சொன்னார்: பாறையும் மரமும் தாழ்ந்தவற்றின் அடையாளம், குடிமக்களிடையிலிருந்து ஒருவன் பேரரசனாகப் போகிறான், எனவே இப்போதைய பேரரசர் தகுதியுள்ளவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஆட்சியைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். இதை ஒரு நண்பர் வழியாக அரசவைக்கே விண்ணப்பமாக அனுப்பினார்! அரசர் இளைஞர். ஆட்சி அவர் பெயரால் நாட்டை நடத்திய ஹுவோ குவாங் கையில் இருந்தது. மக்களைக் குழப்பும் தீச்சொல் என்று குற்றம் சாட்டி இருவரையும் கொன்றுவிட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, கி.மு. 74இல், அதே ஹுவோ குவாங், ஊரோடு ஊராக வளர்ந்த ஓர் இளைஞனைக் கொண்டுவந்து அரியணையில் அமர்த்தினார். அவன் பெயர் லியூ பிங்யீ. பேரரசர் சுவான் என்று வரலாறு அழைக்கும் அவர், சூயி ஹோங்கின் மகனுக்கு அரண்மனையில் பதவி கொடுத்தார்.

என் கேள்வி இதுதான். அந்த அறிஞர் எதற்காகச் செத்தார்? குறியைத் தவறாகப் படித்ததற்கா, சரியாகப் படித்ததற்கா, அல்லது படிக்க உரிமையில்லாதவர் படித்ததற்கா?

தொலைநோக்கி:

நல்ல கேள்வி, நண்பரே. என் பதிலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: உரிமையில்லாமல் படித்ததற்கு. சீன அரசியலில் குறி என்பது ஆளுகிறவனின் கைப்பொருள். வேறொருவர் அதைத் தொட்டால் கை போகும்.

வேர் மிகப் பழையது. ஆன்யாங்கில் கிடைத்த, பேரரசுக்குப் பல நூற்றாண்டு முந்திய ஷாங் வம்ச கால ஆமையோடுகளையும் மாட்டெலும்புகளையும் பாருங்கள். சூடு வைத்து ஓட்டில் விரிசல் விழச் செய்வது குறிகாரர் வேலை. விரிசலுக்குப் பொருள் சொல்வது மன்னர். மன்னர் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவ் கருவுற்றிருந்தபோது பிள்ளைப்பேறு பற்றிக் கேட்ட ஓடு ஒன்று உண்டு. இன்ன இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று மன்னர் படிக்கிறார். 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. மன்னர் சொன்ன நாளில் இல்லை. 'நல்லதல்ல, பெண்' என்று அதே ஓட்டில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். விளைவு எப்படியிருந்தாலும் பொருள் சொல்லும் வாய் ஒன்றே ஒன்றுதான்.

பேரரசுக் காலத்தில் இது இன்னும் வெளிப்படையாகிறது. ஹான் பேரரசர் வூ ஒருமுறை குறிகாரர்களைக் கூட்டி, குறிப்பிட்ட ஒரு நாளில் பெண் எடுக்கலாமா என்று கேட்டார். ஐந்து பூதக் கணக்கு (சீனர் வழக்கில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்) பார்க்கிறவர் 'ஆகலாம்' என்றார். இன்னொருவர் 'கூடாது' என்றார். அடுத்தவர் 'நல்லதல்ல'. அதற்கடுத்தவர் 'பெருங்கேடு'. நாட்காட்டிக்காரர் 'சிறு கேடு'. ஆறாமவர் 'சிறு நன்மை'. ஏழாமவர் 'பெரு நன்மை'. ஏழு பள்ளிகள், ஏழு பதில்கள். வாக்குவாதம் முடிந்தபாடில்லை. கடைசியில் அரச ஆணை வந்தது: மரணத் தீட்டுள்ள நாட்களைத் தவிர்த்துவிட்டு, மற்றதற்கெல்லாம் ஐந்து பூதக் கணக்கையே முதன்மையாகக் கொள்க. வானத்தின் தீர்ப்பை ஓர் அரசாணை முடித்து வைத்தது.

கொடுமையான எடுத்துக்காட்டு வேண்டுமானால் கி.மு. 7. செவ்வாய்க் கோள் கேட்டை விண்மீன் இருக்கும் 'இதய'க் கூட்டத்தில் நிலைகொண்டது என்று அறிக்கை வந்தது. பேரரசருக்கு உயிராபத்து என்று பொருள். பெரிய அமைச்சரிடம் அதைத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பேரரசர் செங், தலைமை அமைச்சர் ஜாய் ஃபாங்ஜினுக்குக் கண்டனக் கடிதமும், கூடவே மதுவும் ஒரு மாடும் அனுப்பினார். குறிப்புப் புரிந்தது. அன்றே அமைச்சர் தற்கொலை செய்துகொண்டார். பேரரசர் விஷயத்தை மறைத்து, மிகுந்த மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தினார்.

இக்காலத்து வானியல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த மாதத்தில் செவ்வாய் அங்கே இல்லவே இல்லை. ஒரு மனிதனைக் கொல்ல வானத்தையே இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் குறி யாருடைய ஆயுதம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நெல்லிமரம்:

தொலைநோக்கி ஒரு செய்தியை விட்டுவிட்டார். அமைச்சர் செத்த அடுத்த மாதமே பேரரசர் செங்கும் செத்தார்.

ஆயுதம் என்கிறீர்கள். அது ஏந்தியவனையும் வெட்டும். அதைவிட முக்கியமாக, ஏந்தியவன் அதைக் கண்டு நடுங்கினான். இந்த நடுக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல், ஆளுகிறவர்கள் எல்லாம் தெரிந்தே நாடகமாடினார்கள் என்று பேசுவது அந்த மனிதர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

கி.மு. 180ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹான் நிறுவனரின் மனைவியான அரசி லூவின் குடும்பத்தை ஒழித்த தளபதிகள், வடக்கே தாய் என்ற சிற்றரசை ஆண்ட லியூ ஹெங்குக்கு ஆளனுப்பினார்கள்: வாருங்கள், நீங்கள்தான் பேரரசர். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. 'சூழ்ச்சி, போகாதீர்கள்' என்கிறார் ஒரு ஆலோசகர். 'போங்கள்' என்கிறார் இன்னொருவர். தன் அம்மாவிடம் கேட்டார், முடிவு வரவில்லை. ஆமையோட்டைச் சுட்டார்கள். விரிசல் குறுக்காக நீண்டு விழுந்தது. அதற்குரிய பாட்டில் 'நான் வானத்தின் அரசனாவேன்' என்று ஓர் அடி வந்தது. லியூ ஹெங் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: "நான் ஏற்கெனவே அரசன்தானே, இன்னும் என்ன அரசன்?" குறிகாரர் விளக்கினார்: "வானத்தின் அரசன் என்றால் வானத்தின் மகன், பேரரசர்."

இவ்வளவு நல்ல குறி கிடைத்தும் அவர் புறப்படவில்லை. தாய்மாமனை முன்னே அனுப்பி விசாரித்தார். பிறகு ஆறே வண்டிகளோடு கிளம்பி, சாங்ஆனுக்கு வெளியே நின்று மறுபடி ஆளனுப்பிப் பார்த்தார். கைப்பொருளிடம் ஒருவன் இப்படியா நடந்துகொள்வான்?

அவர்தான் பேரரசர் வென். கி.மு. 178இல் கிரகணம் வந்தபோது, குறை என்னுடையது, என் தவறுகளை எடுத்துச் சொல்லுங்கள், நேர்மையானவர்களை அனுப்பி வையுங்கள் என்று ஆணையிட்டார். அரண்மனையில் 'இரகசிய வேண்டுதல்' செய்யும் ஓர் அலுவலர் இருந்தார். உற்பாதம் (கேடு காட்டும் குறி) ஏதேனும் தோன்றினால் அதன் தீமையை அரசரிடமிருந்து விலக்கி, அமைச்சர்கள் மீதும் மக்கள் மீதும் ஏற்றிவிடுவதுதான் அவருடைய வேலை. கி.மு. 167இல் அந்தப் பதவியையே வென் ஒழித்தார். ஜாய் ஃபாங்ஜினுக்கு நேர்ந்தது, அந்த ஆணையை மீறி 160 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. அதனால்தான் பேரரசர் செங் அதை மறைக்க வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். வெட்கப்பட வேண்டிய செயல் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

மூங்கிலேடு குறிப்பிட்ட பிங்யீ கதைக்கு ஒரு முன்கதை உண்டு. கி.மு. 91இல் பேரரசர் வூவுக்கு உடல்நலம் கெட்டது. யாரோ மரப்பொம்மை புதைத்துச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஜியாங் சோங் என்ற அதிகாரி கிளப்பிவிட்டு, பட்டத்து இளவரசரின் அரண்மனை வரை தோண்டினார். இளவரசர் எதிர்த்தெழுந்து தோற்று இறந்தார். அவருடைய தாயான அரசியும் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தில் எஞ்சியது பிறந்து சில மாதமேயான, இளவரசரின் பேரக்குழந்தை ஒன்று. அதையும் சிறையில் போட்டார்கள். கி.மு. 87இல், இடத்திலிருந்து எழும் உயிராற்றலைப் பார்த்துக் குறி சொல்பவர் ஒருவர், சாங்ஆன் சிறைகளில் 'வானத்தின் மகனுக்குரிய உயிராற்றல்' எழுகிறது என்றார். சிறைகளில் இருக்கும் அத்தனை பேரையும் கொன்றுவிடுங்கள் என்று பேரரசர் ஆணையிட்டார். இரவில் ஆணையோடு வந்தவர் முன், பிங் ஜீ என்ற அதிகாரி சிறைக்கதவைச் சாத்திவிட்டார். குற்றமற்ற எவரையும் கொல்லக் கூடாது, அதிலும் உள்ளே இருப்பது பேரரசரின் கொள்ளுப்பேரன் என்று விடியும்வரை கதவைத் திறக்கவில்லை. செய்தி கேட்ட கிழப் பேரரசர், 'இதுவும் வானத்தின் செயல்' என்று சொல்லிப் பொதுமன்னிப்பு அளித்தார்.

அந்தக் குழந்தைதான் பிங்யீ. 'நோய் தீர்ந்தது' என்று பொருள் தரும் பெயர். குறி அதைக் கொல்ல வந்தது. பிறகு அந்தக் குறியே அதற்கு வழியும் விட்டது.

பழஞ்சுவடி:

இருவர் சொல்வதையும் ஆர்வத்தோடு படித்தேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கதைகளை நாம் யார் வாயால் கேட்கிறோம்? சின் பற்றிய பெரும்பாலான செய்திகள், சின்னைக் கவிழ்த்த ஹான் அரசில் பணிபுரிந்த சிமா சியானின் நூல் வழியாக வருகின்றன. பிங்யீயின் இலை எழுத்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய பான் கூவின் நூல் வழியாக. பலித்த குறிகள் நினைவில் நிற்கும். பலிக்காத எத்தனையோ இலைகள் மக்கிப் போயிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. கி.மு. 219இல் சின் ஷி ஹுவாங் சியாங் ஆற்றைக் கடக்கப் போனபோது பெருங்காற்று தடுத்ததாம். இது எந்தத் தெய்வத்தின் இடம் என்று கேட்டார். பழைய மன்னர் யாவோவின் மகளும் ஷுன்னின் மனைவியுமான தேவி என்றார்கள் அறிஞர்கள். சினம் கொண்ட பேரரசர் 3,000 கைதிகளை அனுப்பிச் சியாங் மலையின் மரங்களை எல்லாம் வெட்டி, மலையைச் செம்மண் மேடாக்கினார் என்று சிமா சியான் எழுதுகிறார். தெய்வத்துக்கே தண்டனை கொடுத்த பேரரசன்! எத்தனை வகுப்புகளில் இதை உணர்ச்சியோடு சொல்லியிருப்பேன்.

2007இல் ஹூனான் பல்கலைக்கழகத்தின் யுவேலூ கழகத்துக்குக் கிடைத்த சின் மூங்கிலேடுகளில் ஓர் ஆணை வெளிப்பட்டிருக்கிறது. அதில் பேரரசர், தாம் சியாங் மலை ஏறியதாகவும், அங்குள்ள மரங்கள் அழகாக இருப்பதாகவும் கூறி, அவற்றை வெட்டக் கூடாது என்று தடை விதிக்கிறார். ஆணையின் ஆண்டு எது என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இருக்கிறது. எப்படியானாலும், கொடுங்கோலன் மொட்டையடித்த மலை என்ற படத்தை இனி அவ்வளவு எளிதாக மாட்டிவைக்க முடியாது. படித்த அன்று, இத்தனை காலம் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிவிட்டோமே என்று வருந்தினேன்.

இன்னொன்று. நீங்கள் இருவரும் மேலே வானம், கீழே அரசன் என்று இரண்டை மட்டும் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அலுவலகம் இருந்தது. ஜாங்ஜியாஷான் கல்லறையில் கிடைத்த, கி.மு. 186ஐச் சேர்ந்த ஹான் சட்ட ஏடுகளில் எழுத்தர், குறிகாரர், வேண்டுதல் சொல்வோர் ஆகியோருக்கான பயிற்சி விதிகள் இருக்கின்றன. எழுத்தர், குறிகாரர் வீட்டுப் பிள்ளைகள் 17 வயதில் சேர வேண்டும். மூன்று ஆண்டு படிப்பு. எட்டாம் மாதம் முதல் நாள் தேர்வு. எழுத்தருக்கு 5,000 எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும், குறிகாரருக்கு 3,000, வேண்டுதல் சொல்பவர் 7,000 சொற்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். குறிகாரனாக விரும்புகிறவன் தேர்வில் குறி பார்த்துச் சொல்லி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் சரியாக வரவும் வேண்டும். குறி சொல்வது அந்த அரசில் சம்பளத்துக்குச் செய்யும் உத்தியோகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே பேசினால் நல்லது.

கீழ்வானம்:

ஐயா, நடுவில் அலுவலகம் என்றீர்களே, அந்த அலுவலகத்தில் இருந்த ஒருவரின் ஏடுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மருத்துவம் படிக்க வூஹானில் இருந்தபோது, ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாட்களில் போவேன். அங்கே ஷுய்ஹூதி ஏடுகள் இருக்கின்றன. 1975இல் யுன்மெங் என்ற ஊரில் கல்லறை எண் 11இல் கிடைத்தவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அகலம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. அந்தச் சிறு பரப்பில் மையால் எழுதிய எழுத்து இன்னும் கறுப்பாகவே இருந்தது. கண்ணாடிக்கு முன் குனிந்து வெகுநேரம் நின்றேன்.

உரியவர் பெயர் சீ. கி.மு. 262இல் பிறந்து, சின் அரசில் மாவட்ட அளவில் சட்டவேலை பார்த்த அலுவலர். கி.மு. 217 வாக்கில் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைச் சவப்பெட்டிக்குள் உடலைச் சுற்றி வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். பெரும்பகுதி சின் சட்டங்கள்: களஞ்சியம், அபராதம், விசாரணை முறை. அவற்றோடு இரண்டு 'நாள் ஏடுகள்'. எந்த நாள் கிணறு தோண்ட, எந்த நாள் துணி வெட்ட, எந்த நாள் பயணம் புறப்பட என்று சொல்பவை.

ஒரு பகுதி பேய்களைப் பற்றியது. வழியில் பேய் குறுக்கே நின்றால் என்ன செய்வது? தலைமுடியை அவிழ்த்துவிட்டு வேகமாக அதைக் கடந்து போய்விடு, தீர்ந்துவிடும். பேய்க்குப் பிடிக்காதவை எவை? சுருண்டு படுப்பது, காலை முறம்போல் விரித்து உட்கார்வது, சாய்ந்து நிற்பது. பூசாரியும் வேண்டாம், பலியும் வேண்டாம். அவரவர் உடம்பே போதும்.

என்னை அசைத்தது திருட்டுப் பகுதி. நாட்களைப் பன்னிரண்டு விலங்குகளோடு சேர்த்து எண்ணினார்கள். எலி நாளில் திருட்டுப் போனால், திருடன் கூர்வாயன், மெல்லிய தாடிக்காரன், கை சும்மா இருக்காது, கறுத்தவன், முகத்தில் மச்சம் உண்டு, காதில் தழும்பு உண்டு. பொருளைச் சுவருக்குள் குப்பைக்கூளத்தின் அடியில் ஒளித்திருப்பான். இப்படி ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு குறிப்பு. இதே சீயின் மற்றோர் ஏட்டில், சாட்சிகளை எப்படி விசாரிக்க வேண்டும், அடிக்காமல் உண்மையை வரவழைப்பதே சிறந்தது என்ற விதி இருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரின் தலைமாட்டில்.

தொலைநோக்கிக்கு ஒரு வார்த்தை. கி.மு. 213இல் நூல்களை எரிக்க ஆணை வந்தபோது மூன்று வகைக்கு விலக்கு இருந்தது: மருத்துவம், குறி, மரம் வளர்ப்பு. குறி முழுக்க மன்னனின் ஆயுதம் என்றால், அந்த ஆயுதத்தை ஊர்தோறும் வீடுதோறும் விட்டுவைத்திருப்பாரா சின் ஷி ஹுவாங்?

தொலைநோக்கி:

கீழ்வானம், நல்ல அடி. ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். கிணறு தோண்ட நாள் பார்ப்பதை எந்த அரசும் தடுக்காது. அரசனின் ஆயுள், வம்சத்தின் முடிவு, இவற்றைப் பற்றிய குறிதான் ஆபத்து. கி.மு. 211இல் கிழக்கே விழுந்த விண்கல்லில் 'முதல் பேரரசன் சாவான், நாடு துண்டாகும்' என்று யாரோ எழுதினார்கள். எழுதியவன் அகப்படவில்லை. சுற்றியிருந்த மக்கள் அத்தனை பேரையும் கொன்று, கல்லையும் எரித்தார்கள். வீட்டுக்குறிக்கு விலக்கு, நாட்டுக்குறிக்கு நெருப்பு. உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கமும் பேசுகிறது.

மூங்கிலேடு:

நான் கேட்க நினைத்தது சரியாக இந்த இடம்தான். வீட்டுக்குறிக்கும் நாட்டுக்குறிக்கும் இடையில் சுவர் இருந்ததா? நாள் ஏட்டை வைத்திருக்கிறவன் ஒருநாள் அரசனின் நாளையும் எண்ணத் தொடங்கினால்?

நெல்லிமரம்:

எண்ணினார்கள். கி.மு. 209. காவற்பணிக்காக வடக்கே நடத்திச் செல்லப்பட்ட 900 பேர் தாசெசியாங் என்ற இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டார்கள். குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் தலை போகும் என்கிறார் சிமா சியான். அவர்களில் சென் ஷெங், வூ குவாங் என்ற இருவர் கலகம் செய்யத் துணிந்தார்கள். முதலில் போனது ஒரு குறிகாரரிடம். அவர் முகத்தைப் பார்த்தே எண்ணத்தைப் புரிந்துகொண்டு சொன்னார்: காரியம் கைகூடும், ஆனால் ஆவிகளிடம் கேட்டீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வியின் பொருளை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். பட்டுத் துண்டில் செந்தூரத்தால் 'சென் ஷெங் அரசனாவான்' என்று எழுதி, யாரோ வலையில் பிடித்து வைத்திருந்த மீனின் வயிற்றுக்குள் திணித்தார்கள். படைவீரர்கள் அதை வாங்கிச் சமைக்க அறுத்தபோது எழுத்து வெளியே வந்தது. இரவில் வூ குவாங் பக்கத்து மரக்கூட்டத்துக் கோயிலுக்குப் போய், விளக்கைக் கூடையால் மூடி மினுக்கிக்காட்டி, நரிபோல் ஊளையிட்டார்: "பெரும் சூ எழும், சென் ஷெங் அரசனாவான்." (சூ, சின் வென்ற ஆறு நாடுகளில் ஒன்று.) மறுநாள் காலையில் வீரர்கள் சென் ஷெங்கையே கண்ணால் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

மீனில் துணியைத் திணித்தவர்களுக்கு அது ஜோடனை என்று தெரியும். நம்பியவர்கள் ஏமாளிகளும் இல்லை. மழையில் நனைந்து, சாவை எண்ணிக்கொண்டிருந்த 900 பேருக்கு, நாமும் எழலாம் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. வானம் சொன்னது என்றால் சொன்னவன் பெயர் வேண்டியதில்லை.

தலைவனே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. கி.மு. 3இல் வறட்சி. மக்கள் வைக்கோல் தண்டையோ சணல் தண்டையோ கையில் பிடித்து, 'மேற்கின் அரசித்தாய்' என்ற தேவியின் தூது என்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொடுத்துக்கொண்டே ஓடினார்கள். சாலையில் சந்தித்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தலைவிரி கோலமாய், வெறுங்காலோடு, இரவில் கோட்டைக் கதவை உடைத்தும் சுவரேறிக் குதித்தும் போனார்கள். 26 மாவட்டங்களையும் சிற்றரசுகளையும் கடந்து தலைநகரை எட்டினார்கள். அங்கே தெருவிலும் வயல்வழியிலும் பாடி ஆடி அன்னையை வணங்கினார்கள். கைமாறிய ஓலையில், இதை அணிந்தவர் சாகமாட்டார், நம்பாதவர் வீட்டுக் கதவின் சுழலடியில் பாருங்கள், வெள்ளை முடி இருக்கும் என்று எழுதியிருந்தது. இலையுதிர் காலத்தில் அதுவாகவே அடங்கியது.

எந்த அரசன் எழுதிய ஓலை அது?

தொலைநோக்கி:

கதவடியில் வெள்ளை முடி... இதைப் படித்தபின் கொஞ்சம் பின்வாங்குகிறேன். குறி அரசனுக்குச் சொந்தம் என்று நான் எழுதியது மிகை. அரசன் அதைச் சொந்தமாக்கப் பாடுபட்டான், முழுதாக முடியவில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டில் அறிஞர்கள் நசுங்கியதையும் பதிவு செய்ய வேண்டும். வானமும் மனிதரும் ஒன்றுக்கொன்று விடை சொல்கின்றன, அரசன் தவறினால் வானம் எச்சரிக்கும் என்ற கொள்கைக்கு உருக்கொடுத்தவர் டோங் ஜோங்ஷு. கி.மு. 135இல் வம்ச நிறுவனரின் நினைவாலயம் தீப்பிடித்ததற்குப் பொருள் எழுதி, வரைவை வீட்டில் வைத்திருந்தார். ஜூஃபூ யான் என்ற அரசவை அதிகாரி அதைத் திருடிப் பேரரசர் வூவிடம் கொடுத்துவிட்டார். பேரரசர் அறிஞர்களிடம் காட்டினார். டோங்கின் சொந்த மாணவர் லூ பூஷு, தன் ஆசிரியர் எழுதியது என்று தெரியாமல், 'மகா முட்டாள்தனம்' என்றார். மரண தண்டனை விதித்து, பிறகு மன்னித்தார்கள். அதற்குப் பின் டோங் உற்பாதங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அரசனுக்குக் கடிவாளம் செய்தவருக்கே அந்தக் கடிவாளம் வாய்ப்பூட்டானது.

நம்ப மறுத்தவர்களுக்கும் இடமில்லை. ஹான் வம்சத்தை மறுபடி நிறுவிய பேரரசர் குவாங்வூ தீர்க்கதரிசன நூல்களை மிகவும் நம்பியவர். கி.பி. 56இல் அவற்றை நாடெங்கும் அதிகாரப்பூர்வமாக வெளியிட்டவரும் அவரே. வானாய்வு மேடையை எங்கே கட்டலாம், தீர்க்கதரிசனத்தைக் கொண்டு முடிவு செய்யலாமா என்று ஹுவான் தான் என்ற அறிஞரிடம் கேட்டார். நீண்ட மௌனத்துக்குப் பின் அவர் சொன்னது: "நான் அவற்றைப் படிப்பதில்லை." வெட்டச் சொன்னார் பேரரசர். நெற்றியில் இரத்தம் வரத் தரையில் தலை மோதி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. எழுபதைத் தாண்டிய அவரைத் தொலைதூர ஊரில் சிறு பதவிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்தார். 'படிப்பதில்லை' என்ற அந்த மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பழஞ்சுவடி:

சரியான இடத்துக்கு வந்துவிட்டோம். குவாங்வூவுக்கு அத்தனை நம்பிக்கை ஏன் வந்தது என்பதற்கு வாங் மாங்கைப் பார்க்க வேண்டும். ஹான் அரசவையில் பெரும் அதிகாரத்தோடு இருந்து, குறியை ஏணியாக்கி அரியணை ஏறியவர் அவர்.

வரிசையாகக் குறிகள் வந்தன. கிணறு தூர்வாரியபோது கிடைத்த வெள்ளைக் கல்லில், வாங் மாங் பேரரசராக வேண்டும் என்று செந்நிற எழுத்து. கி.பி. 8இன் முடிவில் ஆய் ஜாங் என்ற மாணவன், சாங்ஆனில் படித்துக்கொண்டிருந்தவன், செப்புப் பேழை ஒன்றைத் தானே செய்து, மஞ்சள் உடை உடுத்தி, அந்தி மயங்கும் நேரத்தில் ஹான் நிறுவனரின் நினைவாலயத்துக்குக் கொண்டுபோய்க் காவலதிகாரியிடம் ஒப்படைத்தான். ஹான் வம்சம் ஆட்சியை வாங் மாங்குக்குக் கொடுக்கிறது என்று உள்ளே எழுதியிருந்தது. வாங் மாங் ஆலயத்துக்குப் போய் வணங்கி ஏற்றுக்கொண்டார். கி.பி. 9 தொடக்கத்தில் சின் என்ற புதிய வம்சம் பிறந்தது. (முதல் பேரரசரின் சின் வேறு; இதற்குப் 'புதியது' என்று பொருள்.)

பேழையில் 11 பேருடைய பெயரும் பதவியும் இருந்தன. எட்டுப் பேர் ஏற்கெனவே பெரிய மனிதர்கள். ஒன்று ஆய் ஜாங்கின் சொந்தப் பெயர். மீதி இரண்டு, காதுக்கு மங்கலமாக இருக்கட்டும் என்று அவன் புனைந்தவை: வாங் சிங், வாங் ஷெங். 'வாங் எழுவான்', 'வாங் செழிப்பான்' என்று பொருள்.

வானம் எழுதியதை நிறைவேற்றாமல் விட முடியுமா? அந்தப் பெயருள்ளவர்களைத் தேடினார்கள். பத்துப் பேருக்கு மேல் கிடைத்தார்கள். முக இலட்சணமும் குறியும் பொருந்திய இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாங் சிங் நகரக் கோட்டைவாசலில் எழுத்தர். வாங் ஷெங் தெருவில் அப்பம் விற்பவர். இருவருக்கும் பிரபுப் பட்டம், தளபதிப் பதவி. ஒரு மாணவன் கற்பனையில் எழுதிய இரண்டு பெயருக்கு உடம்பு கிடைத்துவிட்டது.

மூங்கிலேடின் கேள்விக்கு நான் எழுதக்கூடிய பதில் இதுதான். அந்தப் பேழையை வாங் மாங் நம்பினாரா இல்லையா என்பது முக்கியமில்லை. ஏற்ற பிறகு அதன் ஒவ்வொரு வரிக்கும் அவர் கட்டுப்பட்டவர். ஒரு வரியைப் பொய் என்று நீக்கினால் தன் அரியணையும் பொய்யாகும்.

கீழ்வானம்:

வாங் மாங்கின் முடிவில் வரும் கருவியைப் பற்றி ஒன்று. 1977இல் ஆன்ஹுய் மாகாணத்தில், கி.மு. 165இல் இறந்த ருயின் பிரபுவின் கல்லறையில் அரக்குப் பூசிய குறிப்பலகை கிடைத்தது. கீழே சதுரத் தட்டு, அது பூமி. மேலே சுழலும் வட்டத் தட்டு, அது வானம். வட்டத்தின் நடுவில் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு புள்ளிகள். வட்டத்தைத் திருப்பி, அந்த மண்டலத்தின் வால் எந்த மாதத்தை, எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்ப்பார்கள்.

கி.பி. 23இல் கலகப்படை சாங்ஆனுக்குள் நுழைந்து அரண்மனை எரியும்போது, வாங் மாங் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே வானியல் அலுவலர் இந்தப் பலகையை வைத்து நேரம் சொல்லிக்கொண்டிருக்க, மண்டலத்தின் வால் திரும்பும் பக்கமெல்லாம் தன் இருக்கையைத் திருப்பித் திருப்பி அமர்ந்தார். வானம் எனக்கு அறத்தைத் தந்திருக்கிறது, ஹான் படை என்னை என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டே. அடுத்த நாள் நீர் சூழ்ந்த மேடைக்குத் தப்பியபோதும் குறி ஆவணங்களை விடாமல் அணைத்துக்கொண்டிருந்தார்.

மூங்கிலேடு:

நன்றி, எல்லாருக்கும். பழஞ்சுவடி ஐயா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த எழுத்தரும் அப்பக்காரரும் பிறகு என்ன ஆனார்கள்?

பழஞ்சுவடி:

வாங் சிங்குக்கு வாங் மாங் தன் பேத்தியைக் கட்டிக்கொடுத்தார். கி.பி. 18இல் அந்தப் பெண் மாமியாரைச் சபித்துச் சடங்கு செய்தாள், வெளியே தெரியாமலிருக்கப் பணிப்பெண்ணைக் கொன்றாள் என்று வழக்கு வந்தது. கணவரையும் பொறுப்பாக்கினார்கள். இருவரும் தற்கொலை செய்துகொண்டார்கள்.

வாங் ஷெங் கடைசிவரை இருந்தார். கி.பி. 23இல் படைவீரர்கள் நீர்நடுவே இருந்த அந்த மேடையில் ஏறியபோது, வாங் மாங்கோடு அங்கே நின்று இறந்தவர்களின் பெயர்களைப் பான் கூ எழுதி வைத்திருக்கிறார். அந்த வரிசையில் அப்பம் விற்ற வாங் ஷெங்கின் பெயரும் இருக்கிறது.